கணக்கில் வராத உழைப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 41. வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், ரிப்பன் பக்கோடா செய்து விற்கிறேன். வாரம் 40 டப்பா போகிறது. எல்லாம் சனிக்கிழமை ஒரே நாளில் செய்வோம். டப்பா 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மாவு, எண்ணெய், டப்பா, லேபிள் எல்லாம் சேர்ந்து 5 வெள்ளி போக, 7 வெள்ளி லாபம். மாமியார் பிழிந்து கொடுப்பார், பணிப்பெண் பொரித்து எடுப்பாள், கணவர் காரில் கொண்டுபோய்க் கொடுப்பார், மகன் லேபிள் ஒட்டுவான். இந்தத் தீபாவளிக்கு இரண்டு மடங்கு ஆர்டர் எடுக்க ஆசை. ஆனால் மகன் தொடக்கநிலை 6, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதுகிறான். எனக்கும் பகுதிநேர டிப்ளோமா ஒன்று படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். எதை விடுவது?
– இரு பிள்ளைகளின் தாய், செங்காங்

பதில்: முதலில் பணிப்பெண்ணை அடுப்பிலிருந்து நகர்த்துங்கள், தங்கச்சி. மற்றதை அப்புறம் பேசலாம். அவருடைய வேலை அனுமதி உங்கள் வீட்டு வேலைக்கு மட்டும்தான். விற்பனைக்குப் பலகாரம் சுடச் சொன்னால் மனிதவள அமைச்சு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். “அவளே ஆசைப்பட்டுத்தான் செய்கிறாள்” என்று பதில் எழுதாதீர்கள். சிராங்கூன் சாலைக் கடைகளுக்குக் கணக்கு எழுதிய காலத்தில் அந்த வாக்கியத்தை நிறையக் கேட்டுவிட்டேன்.

இப்போது உங்கள் 7 வெள்ளிக்கு வருவோம். 40 டப்பாவுக்கு 280 வெள்ளி. நேரத்தை நீங்கள் எழுதவில்லை, நான் ஒரு மதிப்புக்குப் போடுகிறேன்: உங்களுக்கு 7 மணி, மாமியாருக்கு 5, பணிப்பெண்ணுக்கு 5, கணவருக்கு 3. ஆக 20 மணி நேரம். மணிக்கு 14 வெள்ளி விழுகிறது. அதிலும் எரிவாயு, பெட்ரோல், மகன் லேபிள் ஒட்டிய நேரம் எதையும் கழிக்கவில்லை. நான்கு பேர் இலவசமாக உழைப்பதால்தான் அது லாபம் மாதிரித் தெரிகிறது.

25 டப்பா மட்டும் செய்து 15 வெள்ளிக்கு விற்றுப் பாருங்கள். டப்பாவுக்கு 10 வெள்ளி நிற்கும், மொத்தம் 250. இழப்பது 30 வெள்ளி. பணிப்பெண் இல்லாமலே வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும், மாமியாரின் மணிக்கட்டும் தப்பிக்கும். விலை கூடியது என்று சில பேர் போவார்கள், போகட்டும். வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவதை நிறுத்தி, உங்கள் புளோக்கின் கீழே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை பேர் சந்தோஷமாக வருகிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

தீபாவளி ஆர்டரை விட வேண்டியதில்லை, தேதி மட்டும் பார்த்து எடுங்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8. பி.எஸ்.எல்.இ. எழுத்துத் தேர்வுகள் வழக்கமாகச் செப்டம்பர் கடைசியில் தொடங்கி, அக்டோபர் ஆரம்பத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. 2025 மாதிரி அக்டோபர் 20இல் தீபாவளி வந்திருந்தால் “இந்த வருடம் வேண்டாம்” என்றே சொல்லியிருப்பேன். ஆகஸ்ட்டில் வாய்மொழித் தேர்வு தொடங்கும் முன்னரே “விநியோகம் அக்டோபர் நடுவிலிருந்துதான்” என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் முறுக்கு தாங்கும், அதனால் அதை முன்கூட்டியே செய்யலாம். அதிரசத்தைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். லேபிள் வேலையிலிருந்து மகனை இன்றைக்கே விடுவித்துவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு அவனே கேட்டு வந்தால் ஒட்டட்டும், கூலி கொடுங்கள்.

“இரண்டு மடங்கு” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடமில்லை. சிறிய அளவில் வீட்டிலேயே செய்து விற்க உரிமம் கேட்பதில்லை, சரி. ஆனால் வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது. கேட்டரிங் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் உரிமம் உள்ள சமையற்கூடம், வாடகை, சம்பளம் எல்லாம் ஒரே மாதத்தில் தலையில் விழும். 40 டப்பாவிலிருந்து 60, அப்புறம் 80 என்று மெல்ல ஏறி அங்கே போய்விட முடியாது. போவதானால் 12 வெள்ளி விலையோடு போகாதீர்கள். இன்னொன்று: ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவுக்குக் கட்ட வேண்டும். கட்டுகிறீர்கள்தானே?

டிப்ளோமா அடுத்த ஆண்டு. நீங்கள் குடியுரிமை உள்ளவர் என்றால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசின் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 2024 மே மாதம் தொடங்கிய 4,000 வெள்ளி உங்கள் கணக்கில் இருக்கும். அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. எல்லா வகுப்புக்கும் செல்லாது, பட்டியலைப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: ஏர்கான் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். இரண்டு வேன், நான்கு ஊழியர்கள். மனைவி முன்பு வங்கியில் இருந்தவர். இப்போது பில் போடுவது, நேரம் குறிப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாம் அவர்தான். இரவு 11 மணிக்கும் வாடிக்கையாளர் செய்தி வரும். “எனக்கென்று என்ன இருக்கிறது?” என்று தினமும் சண்டை. நான் ஓடுவதே இவர்களுக்காகத்தானே? மூன்றாவது வேன் வந்துவிட்டால் எனக்கு நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கிடைக்காது, தம்பி. மூன்றாவது வேனோடு இன்னும் இரண்டு ஊழியர் வருவார்கள், அவர்களுடைய மருத்துவ விடுப்பு வரும், “நேற்றுத்தான் சர்வீஸ் செய்தீர்கள், இன்றைக்கு மறுபடியும் ஒழுகுகிறது” என்ற புகாரும் கூடவே வரும். அந்தப் புகாருக்கு இரவு 11 மணிக்குப் பதில் எழுதப் போவது யார்?

மனைவி கேட்ட கேள்விக்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் கணக்கு எழுதிய மளிகைக்கடை ஒன்றில் முதலாளி ரொம்ப நேர்மையானவர். வீட்டுக்கு எடுத்துப்போன வெங்காயம், பருப்பு ஒவ்வொன்றையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த நோட்டில் எழுதுவார், அரைக் கிலோ புளி உட்பட. மதியம் முழுக்க அவர் மனைவி பின்னறையில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளி, அரிசியைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருப்பார். அது எந்த நோட்டிலும் ஏறியதில்லை. கடையிலிருந்து வீட்டுக்குப் போனது தெரிந்தது, வீட்டிலிருந்து கடைக்கு வந்தது தெரியவில்லை. உங்களுடையதும் அதே கதைதான்.

அவருக்குச் சம்பளம் போடுங்கள். “என் பணம் எல்லாம் அவளுடையதுதானே” என்பது பேச்சு. மாதம் 2,500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 55 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி பங்கு 17 விழுக்காடு, ஊழியர் பங்கு 20 விழுக்காடு. மாதம் 925 வெள்ளி அவருடைய மத்திய சேம நிதியில் ஏறும். வங்கியை விட்ட மாதத்திலிருந்து அங்கே என்ன ஏறியிருக்கிறது? உண்மையான வேலைக்கு உரிய சம்பளம் என்பதால் தொழிலின் செலவாகவும் காட்டலாம். ஒருவேளை அவர் “சம்பளம் வேண்டாம், நான் வேலைக்கே திரும்பிப் போகிறேன்” என்று சொன்னால் வாதாடாதீர்கள். அவர் இடத்துக்கு வெளியில் ஆள் எடுக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் பிறகு வேனைப் பற்றி யோசியுங்கள்.

தொழிலுக்குத் தனி எண் வாங்குங்கள். இரவு 8 மணிக்கு மேல் தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டு அந்தக் கைப்பேசியை வேனிலேயே விடுங்கள். ஏர்கான் ஒரு ராத்திரி ஓடாவிட்டால் மின்விசிறி இருக்கிறது.

நிறுவனங்களைப் பதியும் அக்ராவில், ஒரே ஆளுக்குச் சொந்தமான தனியுரிமை நிறுவனமாகத்தான் பதிந்திருக்கிறீர்களா? அப்படியானால் வேன் கடன் உங்கள் சொந்தக் கடன். தொழில் படுத்தால் உங்கள் சேமிப்பில் கை வைப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கடன் தாளை மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வங்கியில் இருந்தவர், உங்களைவிட நன்றாகப் படிப்பார்.

கேள்வி: அதிகாலை 4 மணிக்கு எழுந்தால் குடும்பம், தொழில், உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்குமாமே?
– ஜூரோங் வாசகர்

பதில்: 9 மணிக்குப் படுக்க முடிந்தால் தாராளமாக. 9 மணிக்கு உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்று சொல்லுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டில் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். ஒரு வேளைக்கு மூன்று பிள்ளைகள், வார நாளெல்லாம் மாலையில் வகுப்பு. நல்ல பெயர் இருக்கிறது, காத்திருப்போர் பட்டியலும் இருக்கிறது. ஆனால் என் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்ததில்லை. பிள்ளைகளுக்கு வார்த்தை சொல்லிக் கொடுக்கிறேன், எனக்குள் வார்த்தை வற்றுகிற மாதிரி இருக்கிறது. கணவரோ சனிக்கிழமையும் வகுப்பு வைக்கலாமே என்கிறார்.
– ஈசூன் ஆசிரியை

பதில்: சனிக்கிழமை வேண்டாம். இருப்பதிலும் ஒன்றைக் குறையுங்கள். புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகளுக்குத் தலைக்கு 30 வெள்ளி என்றால் வாரம் 90 வெள்ளி. அதை வருமானம் குறைந்தது என்று எழுதாதீர்கள். வீட்டுச் செலவுப் பட்டியலில் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு அடுத்த வரியில் “அம்மாவின் படிப்பு, 90 வெள்ளி” என்று எழுதுங்கள். கணவர் பார்க்கும்படி எழுதுங்கள். நீச்சல் வகுப்புக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லையே.

வகுப்பில் சொல்லிக் கொடுக்க உதவும் என்று நினைத்து எதையும் எடுக்காதீர்கள். குறிப்பெடுக்காமல் படியுங்கள். படித்ததை ஃபேஸ்புக்கில் போட வேண்டும் என்றுகூட இல்லை.

உங்கள் ஈசூனில் நார்த்பாயிண்ட் கடைத்தொகுதியில் நூலகம் இருக்கிறது. முதல் சில புதன்கிழமைகள் அங்கே போய் உட்காருங்கள். வீட்டில் இருந்தால் துணி மடித்துக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு யார் என்று கணவர் கேட்பார். காப்பிக் கடையில் அவர்களுக்குப் பிடித்த புரோட்டா கிடைக்கும் என்று சொல்லுங்கள்.