சிங்கப்பெண்ணும் ரீசார்ஜும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் மகளிர் தினத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 'பெருந்தொற்றுக் காலத்துச் சிங்கப்பெண்கள்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். கொரோனா நாட்களில் மனித உரிமைக்காகப் போராடிய பெண்களையும், அப்போது சிறையில் இருந்தவர்களையும் பற்றிச் சொல்ல எண்ணம். தேடினால் அறிக்கைகளாகவே கிடைக்கின்றன. இன்னொரு முறை அப்படி ஒரு காலம் வந்தால் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் அவர்களுக்கு எப்படித் துணை நிற்பது? எந்த அமைப்புக்குப் பணம் அனுப்புவது? ஆண் போராளிகளை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் பேசுவது நியாயமா என்று சக ஊழியர் ஒருவர் கேட்கிறார். இதெல்லாம் அரசியல், உனக்கு எதற்கு என்கிறார் அப்பா.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அப்பா சொல்வது சரி, இது அரசியல்தான். உங்களுக்கு எதற்கு என்பதை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். சக ஊழியரிடம், அவர் ஆண் போராளிகளைப் பற்றி ஒரு கூட்டம் போடட்டும், நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பதாகச் சொல்லிவிடுங்கள். போட மாட்டார்.

முதலில் அந்தத் தலைப்பை எடுங்கள். கோபமாகவே சொல்கிறேன். சிங்கத்துக்கு வீட்டு வாடகை கிடையாது. சர்க்கரை வியாதி கிடையாது. படுத்த படுக்கையாக ஒரு அப்பா கிடையாது. சிங்கம் என்று சொன்னதுமே நமக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது: அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். நாம் கைதட்டிவிட்டுப் பிரியாணிக்கு வரிசையில் நிற்கலாம். உங்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அந்தக் கைதட்டலை நானும் தட்டியிருக்கிறேன், அதைத்தான் பின்னால் சொல்லப்போகிறேன்.

நடாஷா நர்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களில் நின்ற டெல்லி மாணவி. 2020 மே 23 அன்று, ஊரடங்கின் நடுவில், தோழி தேவாங்கனா கலிதாவோடு கைதானார். பிறகு டெல்லிக் கலவர வழக்கில் ஊபா (UAPA) பாய்ந்தது, ஜாமீன் எளிதில் கிடைக்காத பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். அப்பா மகாவீர் நர்வால் ஹரியானாவில் வேளாண் விஞ்ஞானியாக இருந்தவர், நெருக்கடி நிலையின்போது தானும் சிறை பார்த்தவர். இரண்டாம் அலையில் அவருக்குத் தொற்று வந்தது. தம்பிக்கும் வந்தது. அப்பாவைப் பார்க்க இடைக்கால ஜாமீன் கேட்டிருந்தார் மகள். 2021 மே 9, ஞாயிற்றுக்கிழமை, அப்பா இறந்தார். திங்கட்கிழமை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது, இறுதிச் சடங்கு செய்வதற்காக, மூன்று வாரம். ஜூன் 15 அன்று அதே டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கும் தேவாங்கனாவுக்கும் முழு ஜாமீன் கொடுத்தது. போராடும் உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை அரசு அழித்துக்கொண்டே போகிறது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. நல்ல தீர்ப்பு. ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் அப்பாவுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்கவாவது ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் கதவைத் திறக்கும் உத்தரவு ஒன்று ஏற்கெனவே இருந்தது. 2020 மார்ச் 23 அன்றே உச்ச நீதிமன்றம், சிறைகளில் நெரிசலைக் குறைக்க ஒவ்வொரு மாநிலமும் உயர்மட்டக் குழு அமைத்து, யாரை ஜாமீனிலும் பரோலிலும் விடலாம் என்று பார்க்கச் சொன்னது. பலர் வெளியே வந்தார்கள். ஊபா வழக்கென்றால் அந்தக் கதவு திறக்கவில்லை.

அதே டெல்லிக் கலவர வழக்கில், ஜாமியா மில்லியா பல்கலைக்கழக மாணவி சஃபூரா சர்கர் கைதானது 2020 ஏப்ரல் 10. அப்போது அவர் மூன்று மாதக் கர்ப்பிணி. வெளியே இணையத்தில் அவருடைய வயிற்றைப் பற்றி எழுதப்பட்டதை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஜாமீன் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் போலீஸ் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது: கடந்த பத்தாண்டில் டெல்லிச் சிறைகளில் 39 பிரசவங்கள் நடந்திருக்கின்றன. அதாவது, கர்ப்பம் ஒரு விசேஷக் காரணமாகாது. யாரோ ஒரு எழுத்தர் பழைய பதிவேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு பெண்ணாக எண்ணி, கூட்டல் போட்டு, கீழே கோடு இழுத்து எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். முப்பத்தொன்பதாவது குழந்தையை எண்ணும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? ஜூன் 23 அன்று, மனிதாபிமான அடிப்படையில் அரசுத் தரப்பே எதிர்க்காமல் விட, ஜாமீன் கிடைத்தது.

சுதா பரத்வாஜுக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதம் அங்கேதான் இருக்கிறது. சத்தீஸ்கரில் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களோடு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வழக்கறிஞர். புனே அருகே 2018 ஜனவரியில் நடந்த வன்முறையை ஒட்டிய பீமா கோரேகான் வழக்கில் 2018 ஆகஸ்ட் 28 அன்று கைது. பெருந்தொற்றின்போது மும்பை பைகுல்லா பெண்கள் சிறையில் இருந்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. உடல்நிலையைக் காட்டிக் கேட்ட ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில்தான் வெளியே வந்தார். நாமெல்லாம் ஒரு நாள் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினோம். நிபந்தனைகளை எத்தனை பேர் படித்தோம்? மும்பை நீதிமன்ற எல்லையைத் தாண்டக் கூடாது. வீடு, வேலை, தெரிந்த முகங்கள் எல்லாம் எங்கோ இருக்க, அறுபது வயதில் ஒரு பெண் மும்பையில் வாடகைக்கு இடம் தேட வேண்டும். சிறையில் வாடகை இல்லை, பாருங்கள். விடுதலை என்று நாம் கொண்டாடிய அன்றைக்கு அவர் தலையில் விழுந்தது மும்பை அட்வான்ஸ்.

இப்போது என் கதை.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமம். அங்கே தையல் வேலை செய்யும் ஒரு பெண். பேரைச் சொல்ல அவர் விரும்ப மாட்டார். டாஸ்மாக் கடையை ஊருக்குள்ளிருந்து எடுக்கச் சொல்லி மறியல் செய்ததில் அவர்மேல் இரண்டு வழக்கு. மாதா மாதம் வாய்தாவுக்கு எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். நான் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் 'வீரமங்கை' என்ற சொல் மூன்று இடத்தில் வரும்.

2020 மே 7 அன்று தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் மீண்டும் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, கடைகள் திரும்பவும் திறந்தன. அந்த முதல் நாள் சாயங்காலம் அவரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினார். முடிவில் "சார் வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றார். நல்லாயிருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். திருப்பிக் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு விவரம் சரிபார்க்க மறுபடி கூப்பிட்டேன். இந்த எண்ணுக்கு இன்கமிங் வசதி இல்லை என்றது ஒரு பெண்குரல். நம்பரை மாற்றிவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டேன். 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த தை மாதம் நேரில் போனபோதுதான் தெரிந்தது. அவருக்கு வருஷத்தின் வருமானமே மே, ஜூனில் பள்ளிச் சீருடை தைப்பதில்தான். அந்த வருஷம் பள்ளி திறக்கவில்லை. சீருடை இல்லை. ஊரடங்கின் தொடக்கத்தில் ஃபோன் கம்பெனிகள் வேலிடிட்டியைச் சில வாரம் நீட்டித்துக் கொடுத்தன, அப்புறம் நிறுத்திவிட்டன. ரீசார்ஜ் போட முடியவில்லை, ஃபோன் செத்துவிட்டது. மூன்று மாதம்.

"அதனால என்ன, நமக்கென்ன பெரிய பேச்சு" என்றுதான் தொடங்கினார். தறித்துணி மாதிரி மெல்ல மெல்ல வந்தது மிச்சம். சுற்றி நான்கைந்து ஊர்ப் பெண்களிடம் அந்த நம்பர் இருந்தது. ராத்திரி குடித்துவிட்டு அடித்தால் கூப்பிடுகிற நம்பர். எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டு, கடையும் திறந்துவிட்ட அந்த மாதங்களில், அது அடிக்கவில்லை. "எத்தனை பேரு கூப்பிட்டாங்களோ சார், அதுகூடத் தெரியாது. இன்கமிங் இல்லன்னா மிஸ்டு கால்கூட விழாது."

நான் நம்பர் மாறிவிட்டதாக நினைத்தேன் என்று சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தார். "பேசணும்னு இருந்தா நீங்களே போட்டிருக்கலாமே சார். யாரு நம்பருக்கு யாரு வேணா போடலாம்."

எஸ்., நூறு ரூபாய்க்கு உள்ளே முடிகிற காரியம் அது. அந்த மாதம் அவரைப் பற்றி எழுதியதற்கு எனக்கு வந்த சன்மானம் அதைப்போல இருபது மடங்கு.

எந்த அமைப்புக்குப் பணம் அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். மறந்தே போனேன். பட்டியல் தர மாட்டேன். உங்கள் தாலுகாவிலேயே இப்படி ஒருத்தி இருப்பாள். துப்புரவுப் பணியாளர் கூலிக்கு மனு எழுதிக்கொண்டோ, மணல் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டோ. அவளுக்கு எந்த மாதத்தில் வருமானம் வரும், வாய்தா எந்தத் தேதி, அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது யார், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கிறாள் என்றால், மனு பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்க, போகிற குடும்பத்துக்குப் பஸ் செலவு ஆகும். தொற்றுக் காலத்தில் அந்த மனுவே நின்றுபோனது, கடிதமும் எப்போதாவது ஒரு ஃபோனும்தான் மிச்சம். கடிதம் எழுதுங்கள். இன்லேண்டில், நிறுத்தி நிதானமாக, மழை பெய்ததையும் பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதையும் எழுதுங்கள். புரட்சி வாழ்த்து வேண்டாம், அதைத் தணிக்கைக்காரர்தான் முதலில் படிப்பார். செல்ஃபி கேட்காதீர்கள்.

பேசுவதற்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதவில்லை. பத்து நிமிடம்தான் என்றால் அந்த 39 பிரசவத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். கைதட்டல் வராது. பிரியாணி கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை.