ரஷ்யாவில் ஒலிகார்க் என்பவர் யார்? கோடீஸ்வரர்களே ஏன் கிரெம்ளினுக்கு அஞ்சுகிறார்கள்?

சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அரசுச் சொத்துகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அரசியல் செல்வாக்கும் பெற்ற பெரும் பணக்காரரே ஒலிகார்க். 1995-இல் அரசுக்குக் கடன் கொடுத்த வங்கிகள், அரசு அதைத் திருப்பிக் கொடுக்காதபோது, ஈடாக வைத்த எண்ணெய் நிறுவனப் பங்குகளையே எடுத்துக்கொண்டன. வங்கி முதலாளி மிகைல் கோதர்கோவ்ஸ்கிக்கு யூகோஸ் எண்ணெய் நிறுவனம் கிடைத்தது அப்படித்தான்.

வந்த வழி சரியில்லாததால், பறிக்கவும் எளிது. பட்டா இல்லாத நிலத்தில் கட்டிய மாளிகை மாதிரி: அதிகாரி கண்ணை மூடிக்கொள்ளும்வரைதான் அது உங்களுடையது. கோதர்கோவ்ஸ்கி எதிர்க்கட்சிகளுக்குப் பணம் கொடுத்தார்; புடின் முன்னிலையிலேயே ஊழலைப் பற்றிப் பேசினார். 2003 அக்டோபரில் கைது. அப்புறம் வரிபாக்கி என்று சொல்லி யூகோஸின் முக்கிய எண்ணெய் வயல்களை ஏலம் விட்டார்கள்; அவை அரசு நிறுவனமான ரோஸ்நெஃப்டிடம் போய்ச் சேர்ந்தன. அவர் சிறையிலிருந்து வெளிவந்தது 2013-இல். மற்ற பணக்காரர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவைப்படவில்லை.

ஒலிகார்குகள்தான் புடினை ஆட்டிவைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது புடினுக்கு முன் அதிபராக இருந்த யெல்ட்சின் காலத்துக்கு ஓரளவு பொருந்தும், இன்றைக்குப் பொருந்தாது.