நீல மாளிகை முதலில், கடல் பிறகு

கேள்வி: அக்கா, பள்ளி விடுமுறைக்கு மாமியாரோடு பினாங்கு வருகிறோம். சினிமா எடுத்த இடம், கடற்கரை இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: முடியும் தங்கச்சி. காலையில் லெபோ லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ட்ஸி மாளிகைக்குப் போங்க. அவுரி கலந்த சுண்ணாம்பு பூசிய நீலச் சுவர், தூரத்திலேயே தெரியும். 'இந்தோஷீன்' (1992) படத்தையும் அங்கே எடுத்தாங்க. 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' (2018) படத்தில் மாமியாராகப் போகிறவரோடு நாயகி மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டு ஆடுகிற காட்சியும் அந்த வீட்டில்தான். கதை நடப்பது என்னவோ சிங்கப்பூரில்! உங்க மாமியாரை அங்கே உட்காரவைத்துப் படமெடுப்பது உங்க துணிச்சல். வழிகாட்டியோடு சுற்றினால்தான் வீட்டின் கதை புரியும்.

வெயில் தணிந்ததும் கொம்தார் பேருந்து நிலையத்திலிருந்து 101 பேருந்தில் பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போங்க. தண்ணீரில் இறங்குமுன் சொறிமீன் உண்டா என்று கேளுங்க. இந்தப் பக்கத்துக் கடலில் வரும். குரங்குக் கடற்கரைக்குக் காட்டுவழி நடை மாமியாருக்கு வேண்டாம், தெலுக் பஹாங்கில் படகு பிடிங்க. வடை பொட்டலத்தைக் கையில் வெளியே வைத்துக்கொண்டு மட்டும் இறங்காதீங்க.