பியரின் சூடு வேறு, அறையின் சூடு வேறு

வீட்டில் பியர் தயாரிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள். நொதிக்கும்போது இருக்கவேண்டிய சூடு பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் 23 லிட்டர் பேல் ஏல் (ஒருவகை பியர்) போட்டேன். ஏசியை 24-லேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் திறந்தால் நெயில் பாலிஷ் நெடி, கூடவே வாழைப்பழ வாசனை. பாட்டிலில் கொஞ்ச நாள் கிடந்தால் சரியாகிவிடுமா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: வாழைப்பழ வாசனை ஓரளவு அடங்கும். அந்த நெடியும், குடிக்கும்போது தொண்டையில் எரிகிற காட்டமும் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. அடுத்த முறைக்கு வழி சொல்கிறோம்.

24 என்பது அறையின் சூடு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கக்கும். உங்கள் அளவு பியருக்கு மொத்தமாகச் சுமார் 1,000 கிலோஜூல் வரும். அது வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் பியர் 10 டிகிரி ஏறிவிடும். நடைமுறையில் பக்கெட்டின் பக்கவாட்டில் கசிந்துவிடுவதால், நொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக நிற்கும். ஆக உங்கள் பியர் 28-ல் நொதித்திருக்கிறது. பேல் ஏல் ஈஸ்டுக்கு நல்லது 18 முதல் 20.

இட்லி மாவு பொங்கச் சூடு வேண்டும் என்று பழகிய கை நமக்கு. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஈஸ்ட் பெருகுகிற முதல் மூன்று நாளில்தான் இந்த வாசனைகளும் காட்டமும் உருவாகின்றன. அந்த 72 மணி நேரத்தைக் காப்பாற்றிவிட்டால், பிறகு 22-க்குப் போனாலும் கெடுதல் இல்லை.

ஈரத்துணி சுற்றி ஃபேன் வைப்பது சிங்கப்பூரில் எடுபடாது. மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் குளிராததற்கும் இதற்கும் ஒரே காரணம்: காற்று ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்திருக்கிறது. 5 சென்டிமீட்டர் தடிமன் தெர்மோகோல் பலகையில் பக்கெட் கொள்ளும் அளவுக்கு ஒரு பெட்டி செய்யுங்கள். மூடியும் அதே தடிமனில் இருக்கட்டும், இடுக்குகளை டேப் போட்டு அடையுங்கள். உள்ளே பக்கெட்டுக்குப் பக்கத்தில் 1.5 லிட்டர் பாட்டிலில் உறையவைத்த ஐஸ். அப்படி ஒரு பாட்டில் உருகி 18 டிகிரிக்கு வருவதற்குள் 600 கிலோஜூல் இழுக்கும். 23 லிட்டர் பியரை ஒரு டிகிரி இறக்க 95 போதும். வெளிச்சூடு கசிந்து உள்ளே வருவதையும் சேர்த்தால் முதல் மூன்று நாள் காலையில் இரண்டு, இரவில் இரண்டு பாட்டில் மாற்றவேண்டியிருக்கும். பிறகு ஒன்றொன்று போதும்.

இன்னொரு தவறு ஈஸ்ட் போடும் நேரத்தில் நடக்கிறது. உங்கள் ஊர்க் குழாய்த்தண்ணீரே 28 டிகிரிக்குக் குறையாது. அதைக் கலந்து, இளஞ்சூட்டிலேயே ஈஸ்டைத் தூவி, ராத்திரிக்குள் குளிர்ந்துவிடும் என்று விட்டால் அந்த ராத்திரியிலேயே வேலை கெட்டுவிடும். சுத்திகரித்த பக்கெட்டில் வோர்ட்டை (ஈஸ்ட் போடாத இனிப்புக் கரைசலை) மூடி, ஐஸ் பாட்டில்களோடு பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 17-க்கு வந்திருந்தால் அப்போது போடுங்கள்.

இவ்வளவு பாடு வேண்டாமென்றால் நார்வேயின் வாஸ் பகுதிப் பண்ணைகளில் புழங்கிவந்த க்வைக் ஈஸ்ட் இருக்கிறது. 35 முதல் 40 வரையிலும் நெடி இல்லாமல் நொதிக்கும், லேசான ஆரஞ்சு வாசனை தரும். ஆனால் அதற்கு ஊட்டம் அதிகம் வேண்டும். சர்க்கரை குறைந்த வோர்ட் என்றால் ஈஸ்ட் நியூட்ரியன்ட் சேர்க்காமல் விடாதீர்கள்.

கேள்வி: பழைய ஃப்ரிட்ஜில் இங்க்பேர்ட் ஐடிசி-308 (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) மாட்டியிருக்கிறேன். 18-ல் வைத்தும் பியர் 22 காட்டுகிறது. கம்ப்ரஸர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி நிற்கிறது. கருவி பழுதா?
(வாசகர், பெர்த்)

பதில்: கருவியில் குறை இருக்காது. சென்சார் ஒயர் ஃப்ரிட்ஜுக்குள் அந்தரத்தில் தொங்குகிறது என்று நினைக்கிறோம். அது காற்றை 18-ல் பிடித்துவைக்கிறது. பியர் தன் பாட்டுக்கு நான்கு டிகிரி மேலே நிற்கிறது. காற்று சட்டென்று குளிரும், சட்டென்று சூடேறும். அதனால்தான் கம்ப்ரஸரும் ஓயாமல் ஓடி நிற்கிறது.

சென்சார் முனையைப் பக்கெட்டின் வெளிச்சுவரில், பியர் மட்டத்தின் பாதி உயரத்தில் ஒட்டுங்கள். அதன்மேல் நாலாக மடித்த பபிள் ராப்போ உள்ளங்கை அகலத் தெர்மோகோல் துண்டோ வைத்து, பட்டை போட்டு இறுக்குங்கள். முனை சுவரில் அப்பிக் கிடக்கவேண்டும். கொஞ்சம் விலகி நின்றாலும் மறுபடி காற்றையே அளக்கும்.

செட்டிங்: பிடித்துவைக்கவேண்டிய சூட்டின் அளவு டிஎஸ் 18.0. குளிர்விக்கத் தொடங்கும் இடைவெளியான சிடி 0.5. சூடேற்றத் தொடங்கும் இடைவெளியான எச்டி 1.0. இரண்டையும் 0.3-ல் வைத்தால் ஹீட்டரும் கம்ப்ரஸரும் மாறி மாறி மல்லுக்கட்டும், கரண்ட் பில்தான் ஏறும். கம்ப்ரஸர் மறுபடி ஓடுவதற்கான தாமதம் பிடி 5 நிமிடம். ஃப்ரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட் கடைசிக் குளிரில் இருக்கட்டும், இல்லையென்றால் அது இடையில் நிறுத்திவிடும். சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் சென்சாரை வைத்துக் கலக்குங்கள். 0 காட்டாவிட்டால் வித்தியாசத்தை சிஏ என்ற செட்டிங்கில் திருத்துங்கள். குளிர்காலத்துக்கு 25 அல்லது 30 வாட் ஹீட் பெல்ட் போதும். சென்சார் இருக்கும் இடத்தின்மேல் மட்டும் அதைச் சுற்றாதீர்கள்.

கேள்வி: கோவையில் இதை வீட்டில் செய்யலாமா?
(வாசகர், கோவை)

பதில்: கூடாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டு உபயோகம் என்பதால் விலக்கு கிடையாது.

கேள்வி: பேஸ்மென்டில் 14 டிகிரி. நான்காம் நாளே ஏர்லாக்கில் (வாயுவை மட்டும் வெளியே விடும் மூடிக்குழாயில்) குமிழி நின்றுவிட்டது. கிராவிட்டி (மிச்சச் சர்க்கரையைக் காட்டும் அடர்த்தி எண்) 1.046-ல் தொடங்கி 1.022-ல் நிற்கிறது. பாட்டிலில் அடைக்கலாமா?
(வாசகர், டொராண்டோ)

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். ஈஸ்ட் குளிரில் ஒடுங்கியிருக்கிறது, சர்க்கரை மிச்சம் கிடக்கிறது. பாட்டில் சமையலறைச் சூட்டுக்கு வந்ததும் அது விழித்துக்கொள்ளும். கிராவிட்டி 0.001 இறங்கினால், பியரின் கன அளவில் பாதி அளவுக்கு வாயு கூடும். 1.011 வரை போனால் ஐந்து மடங்குக்கு மேல். சாதாரண பியரில் இருப்பதே இரண்டரை மடங்குதான். கண்ணாடி வெடிக்கும், கை கண் போகும்.

பக்கெட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஹீட் பெல்ட் போட்டு 20-க்கு ஏற்றுங்கள். மூடியைத் திறக்காமல் பக்கெட்டை மெல்ல ஆட்டி, அடியில் படிந்த ஈஸ்டைக் கிளப்பிவிடுங்கள். ஏழு நாள் கழித்து அளங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்தும் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று பொருள். குமிழியை நம்பவேண்டாம், மூடி இடுக்கில் கசிந்தாலே அது நின்றுவிடும்.

கேள்வி: லாகர் (குளிரில் நொதிக்கும் பியர்) 12 டிகிரியில் பத்து நாள் நொதித்தது. உடனே 2 டிகிரிக்கு இறக்கி, ஒரு வாரம் கழித்து பாட்டிலில் அடைத்தேன். இப்போது வெண்ணெய் வாசனை அடிக்கிறது. எங்கே பிசகு?
(வாசகர், லண்டன்)

பதில்: அது டைஅசிட்டைல். ஈஸ்ட் வெளிவிடும் ஒரு பொருள் பியருக்குள் மெதுவாக டைஅசிட்டைலாக மாறும். ஈஸ்டே பிறகு அதை இழுத்துக்கொள்ளும், ஆனால் அதற்குச் சூடு வேண்டும். நீங்கள் அதற்குமுன் ஈஸ்டை உறங்கவைத்துவிட்டீர்கள்.

லாகருக்குக் குளிர் எவ்வளவு முக்கியம் என்பது பழைய சங்கதி. பவேரியாவில் 1553-லேயே ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சத் தடை போட்டுவிட்டார்கள். அதனால் முழுக்கக் குளிரிலேயே வைக்கவேண்டும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். கடைசிக் கிராவிட்டிக்கு இன்னும் 0.005 இருக்கும்போது 16 முதல் 18-க்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள். காட்டம் சேரும் கட்டம் அப்போது தாண்டிவிட்டது, பயம் வேண்டாம்.

குளிர்விக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு கிளாஸில் கொஞ்சம் பியர் எடுங்கள். ஒன்றை மூடி, 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசனை வந்தால் மாறவேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டிலும் வந்தால் ஈஸ்ட் இன்னும் இழுத்து முடிக்கவில்லை. எதிலும் வராவிட்டால் இறக்குங்கள்.

இப்போது கையில் இருக்கும் பாட்டில்களை 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். உள்ளே உயிருள்ள ஈஸ்ட் இருப்பதால் வாசனை குறைய வாய்ப்புண்டு. வாரத்துக்கு ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, சரியானதும் மீதியைக் குளிரில் வையுங்கள்.