பெண்கள் ஆளும் ஊர்: நைஜீரியப் படங்களை எங்கே தொடங்கலாம்?

ஆண், பெண் இடங்கள் தலைகீழாக மாறிய மாயக்கதை ஒன்றோடு நைஜீரியப் படங்களைப் பார்க்கத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நெருக்கமாக நான் சொல்லக்கூடியது சி. ஜே. ஒபாசி இயக்கிய ‘மாமி வாட்டா’ (2023).

இயி என்ற கடலோர ஊர். மாமி வாட்டா என்ற நீர்த்தெய்வத்தின் சார்பில் பேசுபவள் மாமா எஃபே. ஊரார் காணிக்கை செலுத்துவதும் வழக்குக்கு வந்து நிற்பதும் அவளிடம்தான். நோயுற்ற ஒரு சிறுவனை அவளால் காப்பாற்ற முடியாமல் போக, ஊருக்குள் முணுமுணுப்பு எழுகிறது. அப்போது கரையில் ஒதுங்குகிறான் ஓர் அந்நியன். ஆண்கள் இங்கே அடுப்பூதவில்லை; அதிகாரம் மட்டுமே கைமாறியிருக்கிறது. எனக்கு அதுவே கூடுதலாகப் பிடித்தது.

முழுக்கக் கறுப்பு வெள்ளை. இருட்டில் முகங்களில் தீட்டிய வெள்ளைப் புள்ளிகளும் கூந்தலில் கோத்த சோழிகளும் மட்டும் மின்னும். ஒளிப்பதிவாளர் லிலிஸ் சொரேஸுக்கு அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் விருது கிடைத்தது. வசனம் பெரும்பாலும் பிட்ஜின் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கலப்பு ஆங்கிலம், சப்டைட்டில் இல்லாமல் பார்க்காதீர்கள்.

நாலிவுட், அதாவது நைஜீரியத் திரையுலகம், என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1992இல் நேரடியாக வீடியோ கேசட்டில் வெளிவந்து சக்கைப்போடு போட்ட இக்போ மொழிப் படம் ‘லிவிங் இன் பாண்டேஜ்’. பணத்துக்காக மனைவியையே பலி கொடுப்பவனின் கதை. அடுத்து அதைப் பாருங்கள்.