ரேடியோ நெல்

அன்புள்ள ஐயா,

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் தறி பக்கத்தில் நாள் முழுக்க ஒரு எஃப்எம் பாடிக்கொண்டிருக்கும். கம்பெனி கைமாறியதும் இரவுப் பழைய பாட்டை நிறுத்திவிட்டார்கள். உள்ளூர்க்காரர் பேசிய நேரத்தில் இப்போது வேறு ஊர்க் குரல். அம்மாவுக்கு மனசே சரியில்லை. இதை யாரிடம் புகார் செய்வது?

க., சேலம்

அன்புள்ள தம்பி,

உரிமம் வைத்திருப்பவர் பாட்டை மாற்றினால் சர்க்கார் கேட்காது. பழைய பாட்டுதான் வேண்டுமென்றால் அம்மாவுக்குச் செல்போனில் போட்டுக் கொடுங்கள். இதற்கெல்லாமா புகார்?

ஆனால் ‘வேறு ஊர்க் குரல்’ என்று எழுதினீர்களே, சில நாளாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தனியார் எஃப்எம்முக்கு மத்திய சர்க்கார் போட்ட 2011 கொள்கைப்படி ஒரு கம்பெனி தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பலாம். ஒருவர் ஓர் அறையில் பேசினால் போதும், பத்து ஊருக்குச் சம்பளம் மிச்சம்.

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே போடலாம். சரி, போகட்டும். அதே கொள்கையில் குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, வானிலை, உள்ளூர் விழா இதெல்லாம் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம் என்று இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லலாம். ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்ததைச் சொல்லலாம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு எந்த வழியை அடைக்கிறார்கள் என்று சொல்லலாம். யார் தடுத்தது? பத்து ஊருக்குப் பேசுகிறவருக்கு அம்மாப்பேட்டை எந்தப் பக்கம் என்றே தெரியாது. நீங்களும் பாட்டு போய்விட்டதென்று அழுகிறீர்களே தவிர, தண்ணீர் நேரம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

அப்பாவுக்குச் சேலத்துக் குகைப் பகுதியில் குழித்தறி. தலைக்கு மேல் பலகையில் ரேடியோ, அதில் திருச்சி நிலையம். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் வேளாண்மை நிகழ்ச்சி வந்தால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த நிலையம் சொல்லிச் சொல்லியே ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்று பேர் வந்துவிட்ட காலம். ஆத்தூரிலிருந்து மாமா வந்தால் அப்பா நாடாவை வீசிக்கொண்டே உரக்கணக்கு சொல்வார். “நெய்யறவனுக்கு எதுக்குய்யா உரம்?” என்பார் மாமா. “அவன் அவ்ளோ தூரத்துல இருந்து நமக்குன்னு சொல்றான். கேக்காம இருக்க முடியுமா?”

உங்கள் அம்மாவுக்கு வருத்தம் பாட்டு போனதில்தானா? அந்த உள்ளூர்க்காரர் என்றைக்காவது உங்கள் தெருப் பேரைச் சொல்லியிருப்பார். கேட்டு எழுதுங்கள்.