பாசம் இல்லாதவரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு ஆட்டிசம் இருப்பது போன வருடம்தான் தெரிந்தது. நல்ல மனிதர். ஆனால் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போய்வந்தால் மறுநாள் வரை என்னிடம்கூடப் பேசமாட்டார். நான் அழுதால் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார். இவருக்குப் பாசமே கிடையாதோ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். சில நாட்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பாசம் கிடையாது என்பது சுத்தப் பொய். அதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரை நோகடித்திருக்கிறார்கள்.

ஒரு கூட்டத்தில் அவருக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், அதிக நேரம் பார்த்துவிடவும் கூடாது. ஒரே சமயத்தில் எழும் பல குரல்களில் தனக்கு வேண்டியதைப் பிரித்துக் கேட்க வேண்டும். மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிக்க வேண்டும். பேச்சு நீண்டுவிட்டதோ என்று நடுவே கவலைப்பட வேண்டும். பிறருக்குத் தானாக நடப்பதை ஆட்டிசம் உள்ள பலர் யோசித்து யோசித்துச் செய்கிறார்கள். மாஸ்கிங், அதாவது தன் இயல்பை மறைத்து மற்றவர்களைப் போல நடந்துகொள்வது, என்று சொல்வது இதைத்தான். சில மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வருபவருக்குப் பேசத் தெம்பு இருக்காது. உங்கள் முன்னால் நடிக்க வேண்டியதில்லை என்பதால்தான் வீட்டில் அமைதியாகிவிடுகிறார் என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஆள் இது மாறும், அவரிடமே கேட்டுவிடுங்கள்.

புரிந்துகொள்ளாதது அவர் மட்டும்தானா? டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், இந்தச் சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். 2017இல் நோவா சாசன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடி வீடியோவைப் பார்த்த, ஆட்டிசம் இல்லாதவர்கள், இவர்களோடு பழக அவ்வளவாக விருப்பமில்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்தத் தயக்கம் இல்லை! அதாவது, சொன்ன விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. வேறு மாதிரி இருந்த முகத்துக்கும் குரலுக்கும்தான் அந்த ஒதுக்கல். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, உங்கள் வலிக்கு வருகிறேன். அதுவும் நிஜம்தான். நீங்கள் அழும்போது அவர் அருகில் வருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார். "பக்கத்தில் உட்காருங்கள், எதுவும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். "ஒன்றுமில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஒன்றுமில்லை என்றே அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். கேட்டு வாங்கும் அன்பும் அன்புதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் கேட்டதை அவர் மறக்காமல் ஒவ்வொரு முறையும் செய்கிறாரா என்று பாருங்கள், பதில் கிடைக்கும்.

பேச்சு வராத நாளில் போனில் எழுதிக்கொள்ளுங்கள், பலருக்கு அது சுலபம். மறுநாள் எப்போது பேசலாம் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கும் பேச ஆள் வேண்டுமே. அப்புறம், எல்லாக் கூட்டத்துக்கும் அவர் வந்தாக வேண்டியதில்லை, சிலவற்றுக்கு நீங்கள் மட்டும் போய்வரலாம். உறவினர்கள் காரணம் கேட்டால் எவ்வளவு சொல்லலாம் என்பதை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.